ஐம்பது சென்ட் விளையில் ஒரு பசு

குமரி மாவட்டத்தில் சும்மா கிடக்கும் விளை இல்லாத ஊர் இல்லை என்றே சொல்லலாம். உடையவர் வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார். மண்டை போன தென்னை நாலைந்து நிற்கும். கையாலை என்ற எல்லைச் சுவர் இரண்டு இடத்தில் இடிந்திருக்கும். உள்ளே இடுப்பளவு காடு. பக்கத்து வீட்டிலோ ஒரு ஜெர்சி கலப்புப் பசு நாள் முழுக்கத் தொழுவத்தில் நின்று, கடைத் தவிட்டையும் லாரியில் வந்த வைக்கோலையும் தின்னும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். தோன்றியவர்களில் பலர் முதல் வேலையாக ஜேசிபியைக் கூப்பிடுகிறார்கள். அங்கேதான் கெடுகிறது.

விளை என்றால் மேட்டு நிலம். கல்குளம், விளவங்கோடு பக்கம் அது பெரும்பாலும் செம்புரை மண். மேலே இருக்கும் ஒரு சாண் மண்ணில்தான் சத்தெல்லாம். அதற்குக் கீழே சரளையும் கல்லும். ஜேசிபி வாளி புதரை வழிக்கும்போது அந்த ஒரு சாணையும் சேர்த்து வழித்து ஓரத்தில் குவித்துவிடும். ஜூன் மழை வெறும் சரளை மேல் விழும். அதில் முதலில் தலைகாட்டுவது புல் அல்ல, காற்றில் விதை பறந்து வரும் கம்யூனிஸ்ட் பச்சை என்ற களைச்செடி. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பழைய காடு அப்படியே இருக்கும், பழைய மண் இருக்காது.

கைவிடப்பட்ட விளையில் புல் அற்றுப்போய்விடுவதில்லை. புதரை விலக்கிப் பார்த்தால் அறுகும், அகல இலைப் புல்லும், பெயர் தெரியாத நாலைந்து கொடியும் வெளிறிப்போய்க் கிடக்கும். அவற்றுக்கு வேண்டியது வெளிச்சமும் ஓய்வும். நம் பக்கத்தில் மேய்ச்சல் நிலம் கெடுவது மாட்டை விட்டதால் அல்ல, விட்ட மாட்டை நேரத்துக்கு வெளியே எடுக்காததால்.

முன்பெல்லாம் இந்தக் கேள்வியே எழவில்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த காலத்தில் அறுத்த வயல், வரப்பு, குளத்தங்கரை எல்லாமே மேய்ச்சல் இடம்தான். ஒரு போகம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மாடு வயலில் நிற்கும், பயிர் ஏறியதும் கரைக்கு வந்துவிடும். ஓய்வுக் கணக்கை யாரும் போட வேண்டியிருக்கவில்லை, நெல்லே போட்டுக் கொடுத்தது. பிறகு ஏலாக்கள், அதாவது வயல்வெளிகள், வாழையும் தென்னையும் வீட்டு மனையுமாக மாறின. மேடுகளை ரப்பர் மூடியது. மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கும் இடங்களில் என்ன நிற்கிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது; அதனால் நம் பக்கத்து மாடுகளுக்கு ஒரு பிடி புல் கூடிவிடவில்லை. காடும் இனி வழி இல்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் மாநிலத்தின் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலைத் தடுத்தது. பிறகு அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. குமரிக் காட்டின் பெரும்பகுதி சரணாலயத்துக்குள்தான் வருகிறது. ஆக, மிச்சம் இருப்பது தனியார் கையில் கிடக்கும் இந்த அரை ஏக்கர், கால் ஏக்கர்கள்தான்.

புல் எப்படிச் சாகிறது

ஒரு புல் தூரை மாடு கடித்ததும் அதற்கு இலை போய்விடுகிறது. இலை இல்லாமல் வெயிலில் உணவு தயாரிக்க முடியாது. அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவழித்துத்தான் அது புது இலையைத் தள்ளும். மழைக்காலத்தில் மூன்று நாலு நாளில் இளம்பச்சையாகத் துளிர் வரும். முற்றிய புல்லை விட அது மிருதுவானது, இனிப்பானது. மாடு நேரே அதைத் தேடித்தான் வரும். இந்த இரண்டாவது கடிதான் புல்லைக் கொல்கிறது. சேமிப்பு தீர்ந்த புல் வேரைச் சுருக்கிக்கொள்ளும். வேர் சுருங்கினால் நாலு நாள் வெயிலுக்குத் தாங்காது. அந்த இடத்தில் மாடு தொடாத செடி உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு நேர் எதிரான கேடும் உண்டு. ஒரு தடவைகூட மேயாத புல் முற்றி, காய்ந்து, தன் நிழலிலேயே தன் தூரை மூடிக்கொள்ளும். மாடு கட்டிவந்த பழைய விளை எதையும் பாருங்கள், இந்த இரண்டும் ஒரே நிலத்தில் இருக்கும். வாசல் பக்கத்திலும் மர நிழலிலும் மண் மொட்டையாக இறுகிக் கிடக்கும். பின்கோடியில் ஆள் நுழைய முடியாது. மாட்டுக்குப் புல் பற்றவில்லை என்று அந்த வீட்டுக்காரர் சொல்வார். பாதி நிலத்தில் புல் வீணாகிறது என்பது அவர் கண்ணில் படாது.

புல் எத்தனை மாடுகளால் மேயப்படுகிறது என்பதை விட எத்தனை நாள் தொடர்ந்து பல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எத்தனை நாள் விடுபட்டிருக்கிறது என்பதே முக்கியம் என்று 1950களில் எடுத்துச் சொன்னவர் பிரான்சைச் சேர்ந்த ஆந்த்ரே வுவாசன் என்ற உயிர்வேதியியலாளர், பண்ணையும் வைத்திருந்தவர். நம் மாநிலத்தில் காங்கேயம் மாடு வளர்க்கும் கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிது இல்லை. அவர்களுடைய கொறங்காடு முள்ளுக்கிளுவை உயிர்வேலி அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் வளர்த்து, மாற்றி மாற்றி மேய்க்கும் நிலம்தான். ஆனால் அங்கே பேச்சு ஏக்கரில். குமரியில் சென்டில்.

கயிறும் முளையும்

சென்ட் கணக்கு நிலத்துக்கு வேலி போட்டுப் பத்துத் துண்டாகப் பிரிப்பதெல்லாம் கட்டுப்படியாகாது. அதற்கு அவசியமும் இல்லை. முளை அடித்து நீளக் கயிற்றில் கட்டும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தால் அதுவே சுழற்சி மேய்ச்சல்.

கணக்கு இப்படி. ஐந்து மீட்டர் கயிறு என்றால் பசுவுக்குக் கிடைக்கும் வட்டம் சுமார் 78 சதுர மீட்டர், அதாவது இரண்டு சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஐம்பது சென்ட் என்பது சுமார் 2,020 சதுர மீட்டர். பத்து மீட்டருக்கு ஒன்றாக முளை அடித்தால் இருபது வட்டம் வரும். நாளுக்கு ஒரு வட்டம் என்று நகர்த்தினால் முதல் வட்டத்துக்குத் திரும்ப இருபது நாள் ஆகும். ஆனி ஆடியிலும், ஐப்பசி கார்த்திகையிலும் மேற்குத் தாலுகாக்களில் புல் தேற ஏறத்தாழ இது போதும். மழை ஓய்ந்த மார்கழிக்குப் பிறகு போதாது, முப்பத்தைந்து நாற்பது நாள் வேண்டும். மாசி பங்குனியில் எத்தனை நாள் விட்டாலும் வளராது. அப்போது நிலத்தில் மாட்டைக் கட்டாமல் இருப்பதே நல்லது.

நாள்காட்டியை விட நம்பகமான அளவு புல்லின் உயரம். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வளர்ந்ததும் கட்டலாம். நாலு விரல் உயரம் மிச்சம் இருக்கும்போது அவிழ்த்துவிட வேண்டும். அந்த நாலு விரல் இலைதான் அடுத்த வளர்ச்சிக்கு முதல். பசு இன்னும் தின்னத் தயாராக இருக்கும், நமக்கு மனசு வராது. அதற்காகத்தான் இந்த நாலு விரல் கணக்கு.

வட்டங்களுக்கு இடையில் மூலைகள் தப்பிவிடும். நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதில் பாதியை அரிவாளால் அறுத்துத் தொழுவத்துக்குக் கொண்டுபோகலாம். மீதியை விட்டுவிட்டால் அங்கே புல் பூத்து விதை கொட்டும். விலை கொடுத்து வாங்காத விதை அது.

தென்னை நிற்கும் விளையில் கயிறு மரத்தைச் சுற்றும், அது ஒரு தொல்லை. மரங்களுக்கு நடுவில் ஏழரை மீட்டர்தான் இருக்கும் என்பதால் கயிற்றை மூன்று மீட்டருக்குச் சுருக்க வேண்டியிருக்கும், வட்டமும் சிறுத்துவிடும். நடு இடத்தில் முளை அடியுங்கள். காய் முற்றிய மரத்தடியில் வேண்டாம், காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. சோலார் மின்வேலி இப்போது சிலர் போடுகிறார்கள். சின்ன நிலத்துக்கு அது ஆடம்பரம்தான். போடுவதானால் அதற்கென்றே உள்ள கருவியோடு போட வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது ஆளைக் கொல்லும் குற்றம். காட்டோர ஊர் என்றால் வனத்துறையைக் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

புதரை எடுக்கும் காலம்

கம்யூனிஸ்ட் பச்சை மழைக்குப் பிறகு வளர்ந்து, கார்த்திகை முதல் தை வரை பூத்து, மாசி வாக்கில் விதையைப் பறக்கவிடும். ஆகவே அதைப் பிடுங்க நல்ல நேரம் ஐப்பசி மழை நின்ற ஈரம். வேரோடு வரும், பூவும் இன்னும் வந்திருக்காது. மாசியில் வெட்டினால் வெட்டுகிறவரே விதை தூவுகிறார் என்று அர்த்தம். தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போனாலும் பிரயோஜனம் இல்லை, அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு நாலாகக் கிளம்பும்.

உண்ணிச்செடி இன்னும் பிடிவாதம். அதன் துளிர்க்கும் கண்கள் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. மண்வெட்டியால் சுற்றி மண்ணை விலக்கி, அந்தச் சேர்மானத்துக்கு இரண்டு விரல் கீழே வேரை ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். பிறகு புதரைத் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். மண்ணில் பட்டால் மறுபடி வேர் பிடிக்கும். ஒரு புதருக்குக் கால் மணி நேரம் ஆகலாம், ஆனால் செய்த இடத்தில் பெரும்பாலும் திரும்ப வராது. ஒரே மூச்சில் ஐம்பது சென்டையும் திறந்துவிட வேண்டாம். நாலு வட்டத்துக்கான இடத்தைத் திறந்து, அங்கே புல் மூடிய பிறகு அடுத்தது. வெறும் மண் எத்தனை நாள் கிடக்கிறதோ அத்தனை நாள் களைக்கு அழைப்பு.

உண்ணிச்செடி வெறும் இடைஞ்சல் மட்டும் இல்லை, நஞ்சும்கூட. வேறு பச்சை இருக்கும்வரை பசு அதைத் தொடாது. பசி முற்றினால் தின்னும். ஈரல் கெட்டு, கண் மஞ்சளாகி, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். மாட்டை வெறும் வயிற்றில் புதருக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள்.

அதைவிட வேகமாகக் கொல்வது நம் வீட்டு மரச்சீனி, அதாவது மரவள்ளி. அதன் இலையிலும் தோலிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. ரப்பர் இலையிலும் அதே வகைப் பொருள் உண்டு. பக்கத்து விளையில் மரச்சீனி பிடுங்கி இலையைக் கையாலை ஓரம் குவித்திருக்கும் நாளில் கயிற்றின் எல்லையை ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. பச்சையாக நிறையத் தின்ற பசு நிமிஷக் கணக்கில் மூச்சு வாங்கி விழும், கால்நடை மருத்துவர் வந்து சேர நேரம் இருக்காது. நன்றாக வெயிலில் உலர்த்தினால் நஞ்சு குறையும் என்பதால் உலர்த்திக் கொடுக்கிறார்கள். அப்போதும் கொஞ்சமாகத்தான்.

ஒரு சட்டச் சங்கதி. மலையடிவாரக் கிராமங்கள் சிலவற்றில் தனியார் நிலத்துக்கும் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். புதரோடு சேர்த்து மரத்தையும் வெட்டும் எண்ணம் இருந்தால் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

மண்ணுக்கும் விதைக்கும்

செம்புரை மண் புளிப்பு மண். அதில் மணிச்சத்து இருந்தாலும் வேருக்குக் கிடைக்காதபடி இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கத்துப் பசுக்கள் சில சுவரை நக்குவதற்கும், எலும்பைக் கடிப்பதற்கும், மண்ணைத் தின்பதற்கும் மணிச்சத்துக் குறைவு ஒரு காரணம். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, புளிப்பைக் குறைக்க டோலமைட்டோ சுண்ணாம்போ போடலாம். ராக் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரம் புளிப்பு மண்ணில் நன்றாக வேலை செய்யும், புளிப்புதான் அதைக் கரைக்கிறது. அதனால் சுண்ணாம்பையும் அதையும் ஒரே நேரத்தில் கொட்டுவதில் அர்த்தம் இல்லை. கைச்செலவு செய்ய ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் முதல் வருஷம் ராக் பாஸ்பேட்டைத்தான் சொல்வேன். மாட்டுக்குத் தாது உப்புக் கலவையும் தினம் வேண்டும், மண் சரியாகும்வரை அது காத்திருக்க முடியாது.

புல்லோடு பயறு வகைச் செடி ஒன்று இருந்தால் புரதம் கிடைக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். புளிப்பையும் வறட்சியையும் தாங்குவது முயல் மசால். ஐம்பது சென்டுக்குத் தூவ இரண்டு கிலோ விதை போதும். ஆனால் விதைத்தோல் கல்மாதிரி. கொதித்த தண்ணீரை இறக்கிவைத்து, 80 டிகிரி அளவுக்கு ஆறியதும் விதையை அதில் நாலைந்து நிமிஷம் போட்டு வடித்து, பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு விதைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விதைத்துவிட்டு விதைக்காரனைத் திட்டுகிறவர்கள் உண்டு. தென்னை நிழலுக்குக் கினியா புல் பொருத்தம், தூர் பிரித்து நடலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் கிழக்குப் பக்கம் தென்மேற்குப் பருவம் மழையாக வருவதை விடக் காற்றாகத்தான் வரும். முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. அங்கே கொழுக்கட்டைப் புல்தான் சரி, விதைப்பும் ஐப்பசிக்கு. அந்த விதை புதிதாக இருந்தால் முளைக்காது, அறுத்து ஆறேழு மாதம் கிடந்த விதையாகப் பார்த்து வாங்குங்கள். முதிர்ந்த ரப்பர் குடைபிடித்த விளையில் என்ன விதைத்தாலும் வீண், அதை விட்டுவிடலாம்.

வயிறு நிறையுமா

350 கிலோ எடையுள்ள பசு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ பச்சைப் புல் தின்னும், 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் குடிக்கும். நம் வட்டத்தில் எவ்வளவு புல் இருக்கிறது என்பதை அறிய ஒரு வழி: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளந்து, நாலு விரல் விட்டு அறுத்துத் தராசில் வையுங்கள். 300 கிராம் வந்தால் 78 சதுர மீட்டர் வட்டத்தில் சுமார் 23 கிலோ. மிதிபட்டும் சாணி பட்டும் போனது போக அதிலும் குறையும். அதாவது நன்றாகத் தேறிய விளையும் மழைக்காலத்தில் ஒரு பசுவுக்கு அரை வயிறுதான். இதைச் சொல்லாமல் ‘அரை ஏக்கரில் இரண்டு பசு’ என்று கிளப்பிவிடுகிறவர்களை நம்ப வேண்டாம்.

மீதி அரை வயிற்றுக்கு ஓரத்தில் பத்து சென்ட் தண்ணீர் வசதியோடு கோ-4 கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல் நட்டால் போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதற்குச் சொல்லும் விளைச்சல் ஹெக்டேருக்கு வருஷம் 375 முதல் 400 டன். பத்து சென்டுக்கு அது 15 டன்னைத் தாண்டும். நம் கையில் அதில் பாதி வந்தாலும் நாளுக்கு 20 கிலோ. அப்புறம் எதற்கு மேய்ச்சல், எல்லாவற்றையும் நேப்பியராக்கிவிடலாமே என்றால், நேப்பியருக்குத் தண்ணீர், உரம், தினமும் அறுக்க ஒரு ஆள் வேண்டும். மேய்ச்சலில் அறுவடைக் கூலியும் உரம் போடும் கூலியும் பசுவுடையது. நடமாடும் பசுவுக்குக் குளம்பும் ஒழுங்காகத் தேயும்.

மேய விடுவதால் வரும் தொல்லைகளில் பெரியது உண்ணி. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் புல் நுனியில் மாதக்கணக்கில் காத்திருக்கும். கலப்பினப் பசுவுக்கு உண்ணிக் காய்ச்சல் தாங்காது. இருபது நாள் ஓய்வு உண்ணியை ஒழிக்காது, எனவே மருத்துவர் சொல்லும் மருந்தும் தேவைப்படும். குடற்புழு மருந்து ஐவர்மெக்டின் போட்ட பிறகு சில வாரம் சாணியில் அது வெளியேறி, சாணி வண்டுகளையும் பாதிக்கும். அந்த வண்டுகள்தான் சாணியை மண்ணுக்குள் இழுத்துச் செல்பவை. சாணி கிடந்த இடத்துப் புல்லைப் பசு நெடுநாள் தொடாது. கட்டு மாற்றும்போது அதை மண்வெட்டியால் சிதறிவிட்டால் இடம் வீணாகாது. வீட்டுக் கோழி இருந்தால் அந்த வேலையும் மிச்சம்.

நீர் தேங்கும் தாழ்வான மூலையிலும் வயல் வாய்க்கால் ஓரத்திலும் நத்தை இருக்கும். ஈரல் புழுவும் தட்டைப் புழுவும் அந்த நத்தை வழியாகத்தான் வருகின்றன. அங்கே மேய்க்காமல் அறுத்து உலர்த்திக் கொடுப்பது மேல். காலையில் மாட்டை அவிழ்க்க அவசரப்படும் பையனிடம் ஊர்ப் பெரியவர்கள், “மக்கா, பனி தணியட்டு, பொறவு அவுத்தா போதும்” என்பார்கள். உருண்டைப் புழுக்களின் இளம்பருவம் புல்லின் ஈரத்தில் நுனிவரை ஏறி நிற்கும், காய்ந்தால் இறங்கும். பெரியவர்கள் சொன்னது சரிதான்.

தை மாசியில் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தால் புதுப் புல் வரும் என்ற எண்ணம் தோவாளைப் பக்கம் இன்னும் இருக்கிறது. வருவது உண்மை, ஆனால் தீயைத் தாங்கி முன்னுக்கு வருவது பெரும்பாலும் ஊசிப்புல்லும் முரட்டுப் புல்லும். அந்தக் காற்றில் பக்கத்துத் தோப்பும் சேர்ந்து போகும்.

கடைசியாக, நிலம் யாருடையது என்ற சங்கடம். இப்படிப்பட்ட விளைகள் பெரும்பாலும் மாட்டுக்காரருடையவை அல்ல. எழுதிக்கொடுத்தால் குத்தகை உரிமை கேட்டுவிடுவார்களோ என்று உடையவருக்குப் பயம். அடுத்த வருஷம் பிளாட் போட்டு விற்றுவிட்டால் நாம் போட்ட டோலமைட் என்னாகும் என்று மாட்டுக்காரருக்குப் பயம். இரண்டும் நியாயமான பயம்தான். வாய்வார்த்தையில் கிடைத்த நிலத்தில் கயிறு, முளை, புதர் வெட்டும் கூலி இவற்றோடு செலவை நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். புல்லின் பெரும்பகுதி ஓய்விலேயே தேறிவிடும். ராக் பாஸ்பேட்டையும் விதையையும் உடையவர் பேரில் கேட்டுப் பார்க்கலாம். நிற்கிற தென்னைக்குச் சாணியும் மூத்திரமும் கிடைத்து இரண்டு மூன்று வருஷத்தில் காய்ப்புத் தேறினால் லாபம் அவருக்குத்தானே. பேசும்போது அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், பசுவின் வயிற்றை அல்ல.